பண்டிகைக்கு என்ன படம்?

மலர்க் குழு நண்பர்கள் "ஹாஸ்டல் நாட்களைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். பேராசிரியர்களைப் பற்றியும் விளையாட்டு மைதானத்தைப் பற்றியும் மெஸ் சாம்பாரைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. 1978-79ஆம் ஆண்டில் ஹாஸ்டல் படச் செயலாளராக இருந்தவன் என்ற ஒரே தகுதியில், பண்டிகைக்கு எந்தப் படம் பார்ப்பது என்று நம் மக்கள் தேர்ந்தெடுத்த வரலாற்றைச் சொல்லப் போகிறேன்.

கல்லூரி மலரில் சினிமாவா என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் மதுரையில் படித்துவிட்டு சினிமாவைத் தள்ளி வைத்துப் பேசுவது, மல்லிகைப் பூவைத் தள்ளி வைத்து மதுரையைப் பேசுவது போல. அதோடு, ஒரு வீடோ ஒரு ஹாஸ்டலோ கூடி உட்கார்ந்து ஒரு படத்தை எப்படி முடிவு செய்தது என்பதில் பணம், பயணம், அரசியல், வீட்டுப் பெண்களின் நிலை எல்லாம் அடங்கியிருக்கிறது. அதுவும் சமூக வரலாறுதான்.

காலண்டர் குறித்துக் கொடுத்த தேதி

நம் ஊரில் புதுப்படம் என்றால் தீபாவளி, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு என்று ஆனது தற்செயல் இல்லை. கையில் காசு புழங்கும் நாட்கள் அவை. ஆலைத் தொழிலாளிக்குத் தீபாவளிக்கு முன்னால் போனஸ் வரும். 1965-ல் போனஸ் சட்டம் வருவதற்கு முன்பே, பஞ்சாலைகள் நிறைந்த மதுரை, கோவை போன்ற ஊர்களில் தீபாவளியும் போனஸும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்தான். விவசாயிக்குத் தை மாதம் நெல் வீட்டுக்கு வரும். பொங்கலை ஒட்டி நாலு நாள் லீவும் கிடைக்கும். புதுத்துணி, பலகாரம், கரும்பு என்ற வரிசையில் கடைசியாகச் சேர்ந்துகொண்டது சினிமா.

இதற்கு முன்னோடி என்று சொல்லத்தக்க படம் 'ஹரிதாஸ்'. 1944 தீபாவளிக்கு வெளியானது. எம்.கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகர். யுத்த காலம், பிலிம் சுருளுக்கே தட்டுப்பாடு. அப்படிப்பட்ட காலத்தில் சென்னை பிராட்வே தியேட்டரில் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளிகளைக் கண்டது அந்தப் படம். இதில் ஒரு சோகமும் உண்டு. அதே 1944 நவம்பரில் நடந்த லட்சுமிகாந்தன் கொலை தொடர்பான வழக்கில் பாகவதரும், அதே படத்தில் நடித்த என்.எஸ். கிருஷ்ணனும் சிக்கிச் சிறை சென்றார்கள். 1947-ல்தான் விடுதலை ஆனார்கள். கதாநாயகர் சிறையில் இருக்க, அவர் படத்தைப் பார்க்க ஜனங்கள் புதுத்துணி உடுத்தி வரிசையில் நின்றார்கள்.

பண்டிகைக்கும் படத்துக்கும் இருந்த உறவு அப்போதே தெளிவாகிவிட்டது. பாட்டு இருக்க வேண்டும். பாட்டியிலிருந்து பேரன் வரை எல்லோருக்கும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

ஒரே நடிகர், இரண்டு பண்டிகைகள்

மதுரைக்காரர்கள் மறக்க முடியாத தீபாவளி 1952-ல் வந்தது. தங்கம் தியேட்டரின் முதல் படமாக அன்று 'பராசக்தி' திரையிடப்பட்டது. 2,500 பேருக்கு மேல் உட்காரக்கூடிய அந்தத் தியேட்டர், ஆசியாவின் மிகப் பெரிய தியேட்டர்களில் ஒன்று என்று நாம் எல்லோரும் வெளியூர் நண்பர்களிடம் பெருமை அடித்திருக்கிறோம். இன்று அந்த இடத்தில் நிற்பது ஜவுளிக்கடை. இப்போதும் தீபாவளிக்குக் கூட்டம் வருகிறது, துணி எடுக்க!

'பராசக்தி'யை யோசித்துப் பாருங்கள். பர்மாவிலிருந்து யுத்தத்துக்குப் பயந்து நடந்து வரும் குடும்பம், பசி, பிச்சை, விதவைத் தங்கையின் துயரம், கோர்ட்டில் கேள்வி மேல் கேள்வி. இதில் பண்டிகைக் குதூகலம் எங்கே இருக்கிறது? ஆனாலும் தீபாவளி ஜனங்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். கலைஞர் மு. கருணாநிதியின் வசனமும் பாட்டுகளும் புதுமுகம் சிவாஜி கணேசனின் நடிப்பும், கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துத் தந்தன. படித்தவரும் படிக்காதவரும் வசனத்தை மனப்பாடம் செய்தார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து, 1954 ஏப்ரல் 13 அன்று, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி இன்னொரு படம் வந்தது. அதே சிவாஜி. 'பராசக்தி'யில் பங்கு கொண்டிருந்த அதே ஏவி.எம். நிறுவனம். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943-ல் நடக்கும் கொலைக் கதை. ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு விதமாகக் கதை சொல்ல, கொன்றது யார் என்று கடைசியில் தெரியும். ஒரு பாட்டு கிடையாது. டான்ஸ் கிடையாது. சண்டை கிடையாது. இன்று எந்தச் சினிமாப் பட்டியலிலும் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. அன்றோ ஜனங்கள் ஏமாந்து போனார்கள். பின்னால் தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் பண்டிகைக் கூட்டம் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது.

நடிகரும் நிறுவனமும் மாறவில்லை. இரண்டும் பண்டிகைப் படங்களே. ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஜனம், இன்னொன்றை ஏன் தள்ளியது? 'ரசனை இல்லாத ஜனங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நானும் கல்லூரி நாட்களில் அப்படிப் பேசும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அது நியாயமான பதில் இல்லை என்பதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் நடந்த தேர்தல்

எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்தில் பண்டிகைப் படத் தேர்வு என்பது ஏறக்குறைய ஒரு பொதுத்தேர்தல். 1964 பொங்கலன்று எம்.ஜி.ஆரின் 'வேட்டைக்காரன்' ஒரு பக்கம், சிவாஜியின் 'கர்ணன்' மறுபக்கம். 1965 பொங்கலுக்கு 'எங்க வீட்டுப் பிள்ளை'யும் 'பழநி'யும். தனக்குத் தானே போட்டி போட்டுக்கொள்வதிலும் சிவாஜி சளைக்கவில்லை. 1964 தீபாவளிக்கு 'நவராத்திரி'யும் 'முரடன் முத்து'வும் ஒரே நாளில் வந்தன. 1967 தீபாவளிக்கு 'இரு மலர்கள்', 'ஊட்டி வரை உறவு' இரண்டும் ஒரே நாள். அதே தீபாவளிக்கு எம்.ஜி.ஆரின் 'விவசாயி'. 1970 தீபாவளிக்கு 'சொர்க்கம்', 'எங்கிருந்தோ வந்தாள்' என்று மறுபடியும் இரண்டு சிவாஜி படங்கள்.

அன்று ஒரு படத்துக்கு எடுக்கும் பிரிண்டுகள் குறைவு. பெரிய ஊர்களுக்குத்தான் முதலில் பெட்டி வரும். "பொட்டி வந்துருச்சா?" என்பது தியேட்டர் வாசலில் கேட்கும் கேள்வி. சின்ன ஊர்களுக்கு மாதக் கணக்கில் கழித்து வரும். டூரிங் டாக்கீஸ் இருக்கும் கிராமங்களுக்குப் போன வருஷத்துத் தீபாவளிப் படம் இந்த வருஷத் தீபாவளிக்கு வந்தால் அதுவே அதிர்ஷ்டம். எனவே புதுப்படம் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறி டவுனுக்கு வர வேண்டும். பஸ் காசு, டிக்கெட் காசு, இடைவேளை முறுக்கு, பாட்டுப் புத்தகம் எல்லாம் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்கு அது சின்னச் செலவு இல்லை.

ஆகவே தேர்வு கவனமாக நடந்தது. பாட்டுகள் முன்பே இலங்கை வானொலியிலும் டீக்கடை ரெக்கார்டிலும் கேட்டுப் பழகியிருக்கும். தினத்தந்தியில் முழுப் பக்க விளம்பரம் வந்திருக்கும். முதல் நாள் ரசிகர்களின் நாள்; தோரணமும் விசிலுமாக இருக்கும். அன்று குடும்பங்கள் போகாது. முதல் நாள் பார்த்துவிட்டு வரும் சித்தப்பாவோ மாமாவோதான் வீட்டுக்கு விமர்சகர். "அழுகைப் படமா?" என்று அத்தை கேட்பார். "சாமி வருதா?" என்று பாட்டி கேட்பார். "சண்டை எத்தனை?" என்று பொடியன்கள் கேட்பார்கள். "பொம்பளப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று அப்பா கேட்பார். எல்லாக் கேள்விக்கும் ஒருமாதிரி தேறுகிற படம் எதுவோ, அதுதான் அந்த வீட்டின் பண்டிகைப் படம்.

இங்கேதான் நான் முன்னால் நிறுத்திய விஷயம் வருகிறது. அன்று எத்தனையோ வீடுகளில் பெண்களுக்கு வருஷத்துக்கு இரண்டே படம். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. மற்ற நாளில் "சினிமாவுக்குப் போகணும்" என்று வாய் திறக்க முடியாது. பண்டிகை என்ற சாக்கு இருந்தால்தான் வாசலைத் தாண்ட முடியும். வருஷத்துக்கு இரண்டு படம் மட்டுமே பார்க்கக் கிடைத்தவர், அதில் ஒன்றைச் சோதனை முயற்சிக்குக் கொடுப்பாரா? பாட்டு இல்லாத படம் நன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். போய்விட்டால் அடுத்த வாய்ப்புக்கு அடுத்த பண்டிகை வரை காத்திருக்க வேண்டும். 'அந்த நாள்' தோற்றதற்கு ஜனங்களின் ரசனையைவிட அவர்களின் கணக்கு முக்கியமான காரணம் என்று நான் நினைக்கிறேன். விருந்துக்கு என்று கூப்பிட்டுவிட்டுக் கஞ்சி ஊற்றினால், அந்தக் கஞ்சி எவ்வளவு சத்தானது என்று யார் பார்ப்பார்கள்?

பண்டிகை நாளின் தீர்ப்பும் காலத்தின் தீர்ப்பும் வேறு வேறு என்பதற்கு உதாரணங்கள் நிறைய. பெரும் செலவில் பி.ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' 1964 பொங்கலுக்கு, செலவுக்குத் தக்க வசூலைத் தரவில்லை என்றே திரையுலகில் சொல்வார்கள். அடுத்த வருஷமே பந்துலு எம்.ஜி.ஆரை வைத்து 'ஆயிரத்தில் ஒருவன்' எடுத்தார். அதே 'கர்ணன்' 2012 மார்ச்சில் புதுப்பொலிவு பெற்று மறுபடி வெளியாகி நூறு நாளைத் தாண்டி ஓடியது. 1980 தீபாவளிக்கு வந்த பாரதிராஜாவின் 'நிழல்கள்' தோற்றது. ஆனால் வைரமுத்து என்ற பாடலாசிரியர் அறிமுகமானதும், இளையராஜாவின் இசை நிலைத்ததும் அந்தப் படத்தில்தான். 1991 தீபாவளியன்று 'தளபதி'யும் 'குணா'வும் மோதின. வீடுகள் 'தளபதி'க்குத்தான் போயின. 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்தபோது, கொடைக்கானல் குணா குகையையும் 'குணா' பாட்டையும் பற்றி ஒரு புதிய தலைமுறையே பேசியது.

எப்போதும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. 1987 தீபாவளியன்று 'நாயகன்', 'மனிதன்' இரண்டும் வந்து இரண்டும் ஓடின.

தீபாவளி, பொங்கலைத் தாண்டி

வேறு சில நாட்களுக்கும் தனித்தனி வழக்கம் இருந்தது. சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழிக்க வேண்டும் அல்லவா? தியேட்டர்காரர்கள் விடிய விடிய இரண்டு, மூன்று படம் போடுவார்கள். ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965), 'திருவருட்செல்வர்' (1967), 'திருமால் பெருமை' (1968) போன்றவை இந்த இரவுகளுக்கென்றே எடுத்தவை போல அமைந்துவிட்டன. புண்ணியமும் ஆச்சு, படமும் ஆச்சு! சாமி படத்துக்கு நடுவில் ஒரு சண்டைப் படத்தையும் சொருகிவிடுவார்கள். தூக்கம் வராமல் இருக்க அதுவும் தேவைதானே.

தவக்காலம் முழுக்க சினிமாவே பார்க்காத கிறிஸ்தவ நண்பர்கள், புனித வெள்ளியை ஒட்டி இயேசுவின் கதையைச் சொல்லும் படம் வந்தால் குடும்பத்தோடு போவார்கள். நோன்பு மாதம் முழுதும் தியேட்டர் பக்கம் தலைகாட்டாத இஸ்லாமிய நண்பர்கள், பெருநாள் அன்று பிரியாணிக்குப் பின் மேட்னிக்கு வருவார்கள். நம்மூர்ச் சித்திரைத் திருவிழாவைச் சொல்லவே வேண்டாம். அழகரைப் பார்க்க வந்த கிராமத்து ஜனம், அப்படியே ஒரு படத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பும். ஆகஸ்ட் 15 என்றால் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'கப்பலோட்டிய தமிழன்' (1961). அந்தப் பொறுப்பைப் பின்னாளில் டி.வி. எடுத்துக்கொண்டது.

நம்ம ஹாஸ்டல் படம்

இனி நம் ஹாஸ்டல். இன்றைய தம்பிகளுக்குப் புரிவதற்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அன்று ஹாஸ்டலில் படம் என்றால் 16 எம்.எம். படம். சென்னைக்கு எழுதிப் போட்டால் ரயில் பார்சலில் பெட்டி வரும். மெஸ் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, கல்லூரி புரொஜெக்டரை டேபிள் மேல் ஏற்றுவோம். 1,600 அடி ஸ்பூல் ஒன்று முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். முழுப் படத்துக்கு நாலு ஸ்பூல். இருப்பது ஒரே புரொஜெக்டர். ஆகவே ஸ்பூல் மாற்றும் போதெல்லாம் இடைவேளை. தியேட்டரில் ஒரு இடைவேளை என்றால் நமக்கு மூன்று!

மாதம் ஒரு படம் என்று வைத்துக்கொண்டோம். தீபாவளி லீவுக்கு முந்தின வாரம், பொங்கல் லீவுக்கு முந்தின வாரம், ஹாஸ்டல் டே ஆகிய மூன்றுக்கும் ஓட்டெடுப்பு. வார்டன் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வாடகையைப் படம் பார்க்கிறவர்கள் பங்கிட்டுக்கொள்வோம்.

நான் செயலாளராக இருந்த 1978 தீபாவளி, தமிழ் சினிமாவுக்கே ஒரு திருப்பம். 1977 ஜூன் 30-ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆகிவிட்டார். அவருடைய 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' 1978 பொங்கலுக்கு வந்ததோடு அவர் திரை வாழ்க்கை முடிந்தது. கடைசிப் படத்தின் பெயரில் மதுரை இருந்ததில் நமக்கு ஒரு தனிப் பெருமை. அந்த ஆண்டு தீபாவளிக்கு 'எம்.ஜி.ஆரா, சிவாஜியா' என்ற கேள்வியே இல்லை. சிவாஜியின் 'பைலட் பிரேம்நாத்', சின்னப்பா தேவரின் நிறுவனப் படமான 'தாய் மீது சத்தியம்', பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்', கே. பாலசந்தரின் 'தப்புத் தாளங்கள்', ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' என்று வரிசையாக வந்தன. கணக்குத் தெரியாமல் வீடுகள் திகைத்த தீபாவளி அது. 'அவள் அப்படித்தான்' படத்துக்கு முதல் நாட்களில் கூட்டம் சேரவில்லை. பேச்சு பரவிய பிறகுதான் ஆட்கள் தேடிப் போனார்கள்.

வெளியே கேள்வி மறைந்தாலும் ஹாஸ்டலுக்குள் மறையவில்லை. எங்களுக்குக் கிடைப்பது பழைய படம்தானே! அந்தத் தீபாவளி வாரத்துக்கு ஒரு கோஷ்டி 'எங்க வீட்டுப் பிள்ளை' என்றது. இன்னொரு கோஷ்டி 'தில்லானா மோகனாம்பாள்' என்றது. இரண்டு பக்கமும் சம ஓட்டு. "தலைவர் படம் இல்லேன்னா நாங்க மெஸ்ஸுக்கே வரமாட்டோம்" என்று ஒரு பக்கம். "வராட்டி சோறு மிச்சம்" என்று மறுபக்கம். முடிவில் இரண்டு பேரும் இல்லாத 'காதலிக்க நேரமில்லை' (1964) வந்தது. ஸ்ரீதர் படம். ஹாஸ்டலே வயிறு வலிக்கச் சிரித்தது. கோஷ்டி சண்டை இரண்டாவது ஸ்பூலில் மறந்து போயிற்று. பண்டிகைப் படத்தின் இலக்கணம் அதுதான். யாருக்கும் முதல் விருப்பமாக இல்லாதது, எல்லோருக்கும் சம்மதமாகிவிடும்.

ஆனால் அப்போதே ஒரு கேள்வி எழுந்தது. எப்போதும் ஓட்டெடுப்பு என்றால், நாலு பேருக்கு மட்டும் பிடித்த படம் எந்தக் காலத்தில் இந்தச் சுவரில் தெரியும்? அதற்கு எங்களுக்கு முந்தைய செட் அண்ணன்மார் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதன் பெயர் 'சீட்டுப் படம்'. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா ரூம் நம்பரையும் சீட்டு எழுதிக் குலுக்குவோம். எந்த ரூம் வருகிறதோ அவர்கள் சொல்லும் படம்தான். யாரும் மறுப்புச் சொல்லக் கூடாது. இரண்டாவது ஸ்பூல் முடியும் வரை எழுந்து போகவும் கூடாது.

1979 ஆரம்பத்தில் விழுந்த சீட்டு, ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு முதல் வருஷத் தம்பியின் ரூமுக்கு. அதிகம் பேசாத பையன். "அந்த நாள்" என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். காரணம் கேட்டபோது சொன்னான்: "எங்கப்பா அந்தப் படத்தைப் புத்தாண்டுக்கு மதுரைக்கு வந்து பார்த்தாராம்ணே. புதுசாக் கல்யாணம் ஆன நேரம். அம்மாவையும் அப்பத்தாவையும் கூட்டிட்டு வந்திருக்காரு. ஒரு பாட்டுக்கூட இல்லேன்னு அப்பத்தா வழி நெடுகத் திட்டிட்டே வந்துச்சாம். இன்னைக்கும் சிவாஜி பேரை எடுத்தா அப்பா அதைத்தான் சொல்வாரு. அப்படி என்ன படம்னு பார்க்கணும்."

படம் ஓடியது. முதல் ஸ்பூலில் கொஞ்சம் சலசலப்பு. இரண்டாவதில் சத்தம் அடங்கியது. விதி முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது இடைவேளையில் கொலைகாரன் யார் என்று பந்தயம் கட்டினார்கள். முடிந்ததும் அந்தத் தம்பியிடம் "எப்படிடா இருந்துச்சு?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பா கோபப்பட்டது சரிதாண்ணே. படமும் சரிதான்" என்றான்.

இந்த விஷயத்தைப் பற்றி அதற்கு மேல் சரியாகச் சொன்னவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு படம் பார்த்தவருக்குக் கோபம் நியாயம். மாதம் ஒரு படம் பார்த்த எங்களுக்கு, அதில் ஒன்றைப் பணயம் வைக்கும் வசதி இருந்தது. அந்த வசதி இருந்ததால்தான் அந்தப் படம் எங்களுக்குக் கிடைத்தது.

டெக்கும் டி.வி.யும்

அதற்குப் பிறகு காலம் வேகமாக மாறியது. எண்பதுகளில் பண்டிகை என்றால் கலர் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுப்பது வழக்கமானது. ஒரு ராத்திரிக்கு மூன்று கேசட். பாட்டிக்கு ஒரு சாமி படம், குடும்பத்துக்கு ஒன்று, எல்லோரும் தூங்கிய பிறகு இளவட்டங்களுக்கு ஒரு புதுப்படம். ஒரே படத்தில் உடன்பட வேண்டிய அவசியம் குறைந்தது இங்கேதான் ஆரம்பம். ஆனாலும் டெக் ஒன்று, அறை ஒன்று. முறை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஞாயிறு மாலைப் படத்துக்குத் தெருவே ஒரு வீட்டில் கூடியது. 1993 ஏப்ரல் 14-ல், அதுவும் தமிழ்ப் புத்தாண்டில்தான், சன் டி.வி. வந்தது. பண்டிகைச் சிறப்புத் திரைப்படம் வீட்டுக்குள் வந்துவிட்டது. பஸ் காசும் டிக்கெட் காசும் மிச்சம். வாசலைத் தாண்டும் சாக்கும் அதோடு சேர்ந்து போயிற்று என்று வீட்டுப் பெண்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். படத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் வீட்டை விட்டு சேனலுக்குப் போய்விட்டது.

2020 தீபாவளிக்கு, கொரோனா காலத்தில், 'சூரரைப் போற்று' தியேட்டருக்கே வராமல் இணையத்தில் வந்தது. 2021 தீபாவளிக்கு 'ஜெய் பீம்' இணையத்திலும் 'அண்ணாத்த' தியேட்டரிலும் வந்தன. 2024 தீபாவளிக்கு 'அமரன்' படத்துக்குத் தியேட்டர்கள் மறுபடி நிரம்பின. பண்டிகைக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு அறுந்துவிடவில்லை. மாறியிருப்பது தேர்ந்தெடுக்கும் முறை. ஒரு வீட்டில் நாலு பேர், நாலு போன், நாலு படம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாரும் விட்டுக் கொடுக்கவும் வேண்டியதில்லை.

தம்பி, தங்கைகளுக்கு

'எங்க காலம் மாதிரி வருமா' என்று முடிக்க நான் இதை எழுதவில்லை. எங்கள் காலத்தில் எத்தனையோ பெண்கள் வருஷத்துக்கு இரண்டு படம் பார்க்க யார் யாரிடமோ அனுமதி கேட்டு நின்றார்கள். இன்று என் பேத்தி யாரையும் கேட்காமல் ஈரான் படம் பார்க்கிறாள். அது நல்ல மாற்றம்தான்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. கையில் ஆயிரம் படம் இருக்கும் இன்றைய மாணவர்களிடம் பேசினால், பெரும்பாலும் எல்லோரும் அதே ஐந்தாறு படங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு படம் பார்த்த அப்பத்தாவால் பணயம் வைக்க முடியவில்லை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆயிரம் படம் வைத்திருப்பவர்கள் ஏன் ஒன்றைக்கூடப் பணயம் வைப்பதில்லை? பிடிக்கவில்லை என்றால் பத்து நிமிஷத்தில் நிறுத்திவிடலாம் என்ற வசதிதான் காரணமோ என்னவோ. இரண்டாவது ஸ்பூல் வரை உட்கார வைக்கும் விதி அங்கே இல்லையே.

ஆகவே ஒரு யோசனை. இந்தச் சந்திப்பின் சனிக்கிழமை இரவுக்கு ஒரு படம் போடலாம் என்று நண்பர்கள் பேசிக்கொள்கிறார்கள். இரண்டாகப் போடுவோம். ஒன்று ஓட்டெடுப்புப் படம். பழைய மாணவர்கள், குடும்பத்தார், இன்றைய மாணவ மாணவியர் எல்லோரும் ஓட்டுப் போடுங்கள். சண்டை வரட்டும், சமாதானமும் வரும். மற்றொன்று சீட்டுப் படம். இன்றைய ஹாஸ்டல் ரூம் நம்பர்களை மட்டும் எழுதிக் குலுக்குவோம். மாணவியர் விடுதியின் நம்பர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் காலத்தில் அந்தச் சீட்டுகள் குலுக்கலில் இல்லாமலே போய்விட்டன. எந்த ரூம் வருகிறதோ அந்தப் பிள்ளைகள் சொல்வதை, புரிந்தாலும் புரியாவிட்டாலும், முழங்கால் வலி உள்ள நாங்களும் உட்கார்ந்து பார்க்கிறோம்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒன்றரை மணி நேரம் ஆகும் வரை யாரும் எழுந்து போகக் கூடாது.